மங்கிய எழுத்தும் மறைந்திருந்த காரணமும்



கணினி மையம் தொடங்கும் எண்ணம் உங்களில் பலருக்கு உண்டென அறிவேன். ஆகவே, சிறிய அச்சகக் கடை நடத்திய நான், லேசர் அச்சுப்பொறியால் பெற்ற பட்டறிவு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

அது ஐப்பசி அடைமழைக் காலம். கல்வி உதவித்தொகைக்காக ஒரு மாணவிக்கு நான் அச்சிட்டுக் கொடுத்த விண்ணப்பத்தில் பதிவெண்ணின் இரண்டு இலக்கங்கள் மங்கியிருந்தன. அலுவலகத்தில் அதனைத் திருப்பிவிட்டனர். மறுநாள் கடைசி நாள். டோனர் தீர்ந்ததென்று எண்ணிப் புதிய கார்ட்ரிட்ஜ் வாங்கி மாட்டினேன். பணம் போயிற்று, குறை போகவில்லை. பிரிக்காத கட்டிலிருந்து தாள் எடுத்து வைத்த பின்னரே எழுத்து தெளிவாக விழுந்தது. ஈரக்காற்றில் திறந்து கிடந்த தாளே குற்றவாளி!

ஏன் அவ்வாறு நேர்ந்தது? செஸ்டர் கார்ல்சன் 1938ஆம் ஆண்டில் வெற்றி கண்ட நிலைமின் அச்சு முறையே இப்பொறிக்கு அடிப்படை. லேசர் ஒளி, டிரம் என்னும் உருளையின்மேல் எழுத்தை மின்வடிவமாக வரைகிறது. டோனர் என்னும் நுண்தூள் அதில் ஒட்டி, மின்விசையால் தாளுக்கு மாறுகிறது. ஃபியூசர் அத்தூளைச் சூட்டால் உருக்கிப் பதிக்கிறது. தாள் ஈரமாயின் மின்னேற்றம் கசிந்துவிடும். தூள் சரிவர மாறாது.

ஆகவே, குறையின் வடிவமே காரணத்தைக் காட்டும். பக்கம் முழுதும் வெளிறினால், டோனர் சிக்கன அமைப்பு இயங்குகிறதா என முதலில் பாருங்கள். பின்னர் கார்ட்ரிட்ஜைக் கிடைமட்டமாகப் பிடித்து மெல்ல அசையுங்கள். நெடுகக் கருங்கோடு விழுந்தால், டிரம்மில் கீறலோ அதனைத் துடைக்கும் தகட்டில் தேய்வோ இருக்கலாம். தேய்த்தவுடன் எழுத்து உதிர்ந்தால், ஃபியூசரின் சூடு போதவில்லை. தடித்த தாளுக்கு மெல்லிய தாளின் அமைப்பை வைத்தாலும் இவ்வாறே நேரும். ஒரே புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அளவுகோலை எடுங்கள். அவ்விடைவெளி எந்த உருளையின் சுற்றளவோ, குற்றம் அவ்வுருளையினுடையது. 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்மாயின், ஏறத்தாழ 75 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி விழும்.

மூடியைத் திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஃபியூசர் ஆறும்வரை பொறுங்கள். டிரம்மை விரலால் தொடாதீர்கள், வெளிச்சத்தில் வைக்காதீர்கள்.

இளைஞர்களே! அம்மாணவியின் விண்ணப்பம் மறுநாள் உரிய நேரத்தில் சேர்ந்தது. ஆயினும், முதல் தாளை நான் ஒருமுறை உற்று நோக்கியிருந்தால், அவள் இருமுறை அலைந்திருக்க மாட்டாள். நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தைத் திருப்பியனுப்ப மங்கிய இலக்கம் ஒன்றே போதுமான காரணமாகிவிடும். அக்காரணத்தை நம் கையாலேயே அச்சிட்டுக் கொடுக்கலாகாது. கொடுக்குமுன் பாருங்கள், பணம் செலவிடுமுன் ஆராயுங்கள்.