லைசென்ஸா, பறந்த மணிக்கணக்கா?



காவேரிப்பாக்கம் வட்டாரத்துப் பிள்ளைகள் விமானத்தைத் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. இதே ராணிப்பேட்டை மாவட்டத்தில், பக்கத்து அரக்கோணத்தில், 1992-இல் தொடங்கப்பட்ட கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. கடற்படை ஹெலிகாப்டர் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளி அங்கேதான். பி-8ஐ என்ற பெரிய கண்காணிப்பு விமானங்களும் அங்கிருந்து கிளம்புகின்றன. இதையெல்லாம் அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளை, "பைலட் ஆகணும்" என்று சொன்னதும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். எந்த லைசென்ஸ் எடுத்தால் வேலை கிடைக்கும்? எத்தனை மணி நேரம் பறந்திருந்தால் வேலை கிடைக்கும்?

முதலில் லைசென்ஸைப் பார்ப்போம். பி.பி.எல். எனப்படும் தனியார் விமானி லைசென்ஸ் இருந்தால் சொந்தத்துக்கு ஓட்டலாம். கூலி வாங்கக் கூடாது. சம்பளத்துக்கு ஓட்ட சி.பி.எல். எனப்படும் வணிக விமானி லைசென்ஸ் வேண்டும். அதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். தேர்வுகளில் தேற வேண்டும். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். பயணிகள் விமானத்தில் கேப்டனாக அமர ஏ.டி.பி.எல். தேவை; அதற்கு 1,500 மணி நேரம். ஆக, லைசென்ஸுக்கு உள்ளேயே மணிக்கணக்கு அடங்கியிருக்கிறது.

ஆனால் லைசென்ஸின் வகை என்பது தாண்ட முடியாத சுவர். ராஜாளியில் ஹெலிகாப்டர் கற்று, கடல்மேல் 3,000 மணி நேரம் பறந்து ஓய்வுபெற்ற ஓர் அதிகாரியை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பைக் கடலின் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர் நிறுவனத்தில் அவருக்கு மதிப்பு உண்டு. அதே மனிதர் ஏர்பஸ் விமானத்தின் இருக்கையில் உட்கார முடியாது. இறக்கை விமானத்துக்கான லைசென்ஸ் வேறு. பி-8ஐ ஓட்டியவருக்கும் கதை இதுதான். அந்த விமானம் போயிங் 737-இன் உடலில் கட்டப்பட்டது. ஆனாலும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. தரும் லைசென்ஸ் இல்லாமல் பயணிகளை ஏற்றிய 737-ஐ அவர் தொட முடியாது. லைசென்ஸ் எடுத்த பிறகும், எந்த ரக விமானத்தை ஓட்டப் போகிறோமோ அதற்கென்று 'டைப் ரேட்டிங்' தனியாக வேண்டும்.

ஆகவே லைசென்ஸ் என்பது வாசல். வாசலைத் தாண்டிய பிறகு, வரிசையில் நிற்கும் எல்லார் கையிலும் அதே காகிதம்தான் இருக்கிறது. அங்கே பேசுவது அனுபவம். நம் நாட்டிலேயே இதைப் பார்க்கலாம். கேப்டன்கள் போதவில்லை என்று விமான நிறுவனங்கள் வெளிநாட்டு விமானிகளை வரவழைக்கின்றன. அதே நேரத்தில், 200 மணி நேரமும் புத்தம்புது சி.பி.எல்.லும் வைத்திருக்கும் நம் இளைஞர்கள் வேலைக்குக் காத்துக்கிடக்கிறார்கள். காத்திருப்பதும் இலவசம் இல்லை. மருத்துவச் சான்றையும், கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதற்கான தகுதியையும் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, மணிக்கணக்குதான் எல்லாமா? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானம் வேகம் குறைந்து தொய்ந்தபோது மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டிய கேப்டன், கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். அதன் பிறகு, துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் கட்டாயம் என்று 2013-இல் விதி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த விமானத்தில் இருந்த இருவருமே 1,500-ஐத் தாண்டியவர்கள். கேப்டன் பறந்தது 3,300 மணி நேரத்துக்கும் மேல். அந்த ரக விமானத்தில் மட்டும் சுமார் 110 மணி நேரம். புதிய விதியும் எல்லா மணியையும் ஒன்றாக எடைபோடவில்லை. ராணுவத்தில் பயின்றவருக்கு 750 போதும். பல்கலைக்கழகப் பட்டத்தோடு பயின்றவருக்கு 1,000 போதும். எப்படிச் சேர்த்த மணி என்பதற்கு அந்த விதியே இடம் கொடுத்திருக்கிறது.

நம் நாட்டில் இன்னொரு பாடம். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து ஏ.டி.பி.எல். வாங்கிய விமானிகள் பிடிபட்டார்கள். அதே ஆண்டில் ராஜஸ்தானில், பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிக்கொடுத்த விவகாரமும் வெளிவந்தது. லைசென்ஸும் பொய்யாகலாம், பதிவேட்டில் உள்ள மணியும் பொய்யாகலாம். அதனால்தான் நிறுவனங்கள் இந்த இரண்டையும் பார்த்த பிறகும் எழுத்துத் தேர்வு வைக்கின்றன. சிமுலேட்டரில் உட்காரவைத்துக் கையையும் மனத்தையும் சோதிக்கின்றன.

மணி உண்மையாகவே இருந்தாலும் அதன் தரத்தைப் பார்க்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஆலைகளில் ரகம் பிரிக்கிறவரை எதை வைத்து மதிக்கிறார்கள்? எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தார் என்பதைவிட, எத்தனை விதத் தோல் அவர் கைக்குப் போயிருக்கிறது என்பதை வைத்துத்தான். பறக்கும் மணியும் அப்படியே. வெயில் நாளில் ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றிச் சேர்த்த 200 மணியும், இரவில், மழை மேகத்தில், தெரியாத ஊருக்கு, இரட்டை இஞ்சின் விமானத்தில் போய் இறங்கிச் சேர்த்த 200 மணியும் ஒன்றல்ல. சி.பி.எல். முடித்து வேலை தள்ளிப்போகும்போது, பயிற்சி ஆசிரியராகச் சேர்வது நல்ல வழி. மணியும் கூடும், மாணவர் செய்யும் தவறுகளைத் திருத்தித் திருத்திக் கையும் கூர்மையாகும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சி.பி.எல். படிப்புக்கு ஆகும் செலவு அரைக் கோடியைத் தொடும். நிலத்தையோ நகையையோ தொடுவதற்கு முன் பிள்ளைக்கு 'கிளாஸ் 1' மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். அதில் தேறாவிட்டால் சி.பி.எல். கிடையாது. அடுத்து, பிள்ளைக்கு வேண்டியது ஹெலிகாப்டரா, விமானமா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாதியில் மாற்றினால் செலவு இரட்டிப்பாகும். பயிற்சிப் பள்ளிக்குப் போனால், "எத்தனை மாதத்தில் 200 மணி முடிப்பீர்கள்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது, எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், போன அணி மாணவர்கள் இன்று எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், பணத்தோடு வீட்டுக்குத் திரும்புங்கள்.