வேண்டா என்னும் சொல்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளைஞரைப் போதைப் பழக்கத்தினின்று காத்தல் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அறிவுரை கூறுதல் ஆசிரியர்க்கு எளிது. ஆயினும் எம் பிழை ஒன்றை முதற்கண் கூறி மேற்செல்லுதலே முறையாகும்.

இருபது ஆண்டுகளாக யாம் தமிழ் கற்பித்து வருகின்றோம். திருக்குறளின் 93-ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை ஆண்டுதோறும் மாணாக்கர்க்கு மனனஞ் செய்வித்தோம். அப்பத்துக் குறளையும் பிழையின்றி ஒப்பித்துப் பரிசு பெற்ற சிறுவன் ஒருவன், சில திங்கள் கழித்துச் சட்டைப் பையிற் புகையிலைப் பொட்டலத்தோடு எம்முன் நிறுத்தப்பட்டான். “படித்ததை மறந்தனையோ?” என்று சினந்து வினவினோம். அவன் தலைகுனிந்து, “மறக்கவில்லை ஐயா. கூட்டாளிகள் நீட்டினபோது வேண்டாமென்று எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை” என்றான். அம்மறுமொழி எம்மை நாணச் செய்தது. தீதென்று கற்பித்தோம், மறுக்கும் வகையைக் கற்பித்தோமில்லை.

அச்சுறுத்தினாற் போதாதோ எனின், போதாது. 2024 ஜூன் திங்களிற் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. நாடே நடுங்கிற்று, சில திங்களில் மறந்தது. அச்சம் நெடுநாள் காவாது, பயிற்சியே காக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் எனப் பத்தினை வகுத்துரைத்தது. தன்னை அறிதல், பிறர் நிலை உணர்தல், முடிவு செய்தல், கருத்தைத் தெளிவுற உரைத்தல், மன உளைச்சலைத் தாங்குதல் என்பன அவற்றுட் சில. இவை நீச்சல் போலப் பழகிப் பெறத்தக்கன. ஆதலின் வகுப்பில் ஒருவனை நீட்டுபவனாகவும், மற்றொருவனை மறுப்பவனாகவும் நடிக்கச் செய்கின்றோம். நட்பு முறியாமல் மறுத்தல், பேச்சை மாற்றுதல், அவ்விடம் விட்டகலுதல் ஆகியவற்றைத் தம் சொற்களாலேயே பழகுகின்றனர். முதன்முதல் மறுப்பவனாக எழுந்து நின்றவன் அச்சிறுவனே.

பெரியோர்களே! முடிவு செய்தற்குரிய மூளையின் முற்பகுதி ஏறத்தாழ 25 வயதளவும் முதிர்ந்துகொண்டேயிருக்கும் என்பர் மருத்துவர். இளமையிற் பற்றியது எளிதில் விடாது. 18 வயது நிரம்பாதார்க்கும், கல்விச்சாலைக்கு 100 கஜ தூரத்துக்குள்ளும் புகையிலைப் பொருள் விற்றலை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குகின்றது. அவ்வாறிருக்க, “தம்பி, ஒரு சிகரெட் வாங்கி வா” என்று மகனை ஏவுகின்ற தந்தையர் நம்மிலும் உளர். கல்யாண மண்டபத்தின் பின்புறத்தே மாப்பிள்ளைத் தோழர்க்கு மது பரிமாறுதலும் உண்டு. நாம் ஊட்டுவதைப் பள்ளி எங்ஙனம் விலக்கும்?

ஆதலின் மூன்று வேண்டுகோள்கள். சங்க மண்டபத்து விழாக்களில் மதுவும் புகையிலையும் நுழையாதிருத்தல் வேண்டும். சங்கத்து மாணவர் விடுதியில் வாரம் ஒரு மணி நேரம் இப்பயிற்சி நிகழ்தல் வேண்டும். பிள்ளை தவறினேன் என்று வாய் திறப்பின், கையோங்காது செவி கொடுத்தல் வேண்டும். 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் அரசின் துணையும் கிடைக்கும்.

வேண்டா என்று சொல்லச் சிறுவர் பழகுகின்றனர். நம் மண்டபத்தில் அச்சொல்லை முதலில் நாம் சொல்லுவோமாக.