வலிப்பு வந்த பிள்ளை வகுப்புக்குத் திரும்பட்டும்

(செஞ்சியில் நடைபெற்ற பள்ளி நலப் பயிற்சியில் மருத்துவர் ஒருவர் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு மாணவன் திடீரென விழுகிறான். கைகால் வெட்டி இழுக்கிறது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், 'காக்காய் வலிப்பு' என்று சொல்லி வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலும் அவன் நோயைவிட இந்த முடிவுதான் அவனுக்கு அதிகக் கேடு செய்கிறது.

வலிப்புக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று நம் அறிவியல் பாடத்தில் வரும் நாடாப்புழு. திருவண்ணாமலையைத் தாண்டினால் வேலூர். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 50,000 பேருக்கு மேல் வீடு வீடாகக் கணக்கெடுத்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் இந்தப் புழுவின் கட்டிதான் காரணம்.

'நாங்கள் பன்றிக்கறி தொடுவதே இல்லையே' என்று பெற்றோர் கேட்பார்கள். சரியாக வேகாத பன்றிக்கறியால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்கட்டி வரும் வழி வேறு. குடலில் புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். கழுவாத கை, காய்கறி, நீர் வழியாக அவை இன்னொருவர் வயிற்றுக்குள் போகும். அங்கே பொரித்த இளம்புழு இரத்தத்தில் கலந்து மூளையில் கட்டியாகத் தங்கும். பன்றிக்கு நேர வேண்டியது மனிதருக்கு நேர்கிறது. ஆகவே சைவ உணவினருக்கும் இது வரும்.

கட்டி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். புழு சாகத் தொடங்கும்போது சுற்றிலும் வீக்கம் ஏற்பட்டு வலிப்பு வரும். சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கட்டி தெரியும். சில சமயம் அதனுள் புழுவின் தலை சிறு புள்ளியாகவே தெரியும். காசநோய்க் கட்டியும் இதைப்போல் தோன்றும் என்பதால் மருத்துவர் பிரித்தறிய வேண்டும். அபூர்வமாகத் தண்டுவடத்திலும் கட்டி வரும். கால் பலவீனம், சிறுநீர்த் தொல்லை அதன் அறிகுறிகள். அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

சிகிச்சையில் முதலிடம் வலிப்பு மாத்திரைக்கு. தேவையானால், கண்ணில் கட்டி இல்லை என்று உறுதி செய்த பிறகு, அல்பெண்டசோலும் வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டும் சேர்த்துத் தருவார்கள். குடற்புழு நீக்க நாளில் நாம் தரும் ஒற்றை மாத்திரை இதற்குச் சிகிச்சை ஆகாது. பெற்றோர் தாமாக வாங்கிக் கொடுப்பது ஆபத்து. ஒற்றைக் கட்டி உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்கு குணமடைகிறார்கள். மாத்திரையை மட்டும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

இதில் உங்கள் பங்கு பெரியது. வலிப்பின்போது மாணவனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், இரும்பு வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள்: 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். முதல் வலிப்பு என்றால், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எந்தக் கை முதலில் இழுத்தது, முகம் எந்தப் பக்கம் திரும்பியது என்று எழுதிக் கொடுங்கள். மருத்துவர் அந்த வலிப்பைப் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்தீர்கள். நோயைக் கண்டறிய அந்த நான்கு வரி பெரிதும் உதவும்.

பிறகு அவன் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அவன் பழைய இடத்திலேயே, பழைய நண்பன் பக்கத்திலேயே உட்காரட்டும். இந்த நோய் தொட்டால் ஒட்டாது என்று வகுப்புக்குச் சொல்லுங்கள். சத்துணவுக்கு முன் சோப்பும் தண்ணீரும் இருக்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள். அடுத்த பிள்ளைக்கு இந்த நோய் வராமல் தடுப்பது அதுதான்.