விடியலில் இயங்காத இயந்திரம்

தை மாதப் பனி படிந்த விடியற்காலை. இரணைமடுவின் கீழ் விளைந்த காலபோக நெல் களத்திலே மூட்டையாகக் காத்திருக்கிறது. உழவு இயந்திரமோ வெண்புகை கக்குகிறதேயன்றி இயங்க மறுக்கிறது. வெயிலேறியதும் அதுவே இலகுவில் இயங்குமாயின், நேயர்களே, ஹீற்றர் பிளக்குகளை ஐயுறலாம்.

டீசல் இயந்திரத்திலே தீப்பொறி இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. குளிர்ந்த வேளையில் அவ்வெப்பத்துக்குத் துணை நிற்பது இந்தப் பிளக்கு. ஐயம் எழுந்தவுடனே எல்லாவற்றையும் புதிதாக வாங்குவோர் உளர். அது வீண் செலவு.

முதலில் மின்சாரம் வந்து சேர்கிறதா என்று பார்த்தல் வேண்டும். சாவியைச் சூடேற்றும் நிலையில் வைத்து, 12 வோல்ற் சோதனை விளக்கின் ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மறுமுனையை இயந்திரத்தின் வெற்றிரும்பிலும் வைக்க வேண்டும். விளக்கு எரியாவிடின் குற்றம் சாவியிலோ உருகியிலோ கம்பியிலோ இருக்கும். பிளக்கு, பாவம், நிரபராதி! எரிந்தால், சாவியை மூடி, பிளக்குகளை இணைக்கும் தகட்டை முற்றாகக் கழற்றி, விளக்கைப் பற்றரியின் நேர்முனைக்கும் ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் இடையே பிடித்துப் பார்க்கலாம். எதில் விளக்கு எரியவில்லையோ, அதன் உட்கம்பி அறுந்துவிட்டது.

தகட்டைக் கழற்றாது சோதித்தால் நல்ல பிளக்கின் வழியே மின் ஓடி விளக்கு பொய் சொல்லும். பழுதானதைக் கழற்றும்போதும் பலவந்தம் ஆகாது. முறிந்து உள்ளே சிக்கினால் சிலிண்டர்த் தலையையே இறக்க நேரிடும்.