தள்ளிவைத்தலும் தள்ளுபடியும்

(தருமபுரியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொள்ளைநோய்க் காலத்தில் சிறுவியாபாரிகளுக்குச் சட்டம் எங்கே துணை நின்றது, எங்கே கைவிட்டது என்பது பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். யான் வக்கீல் அல்லேன்; பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியன். ஆயினும் பாங்கியிலிருந்து வரும் காகிதங்களைப் படித்துப் பொருள் கூறுமாறு நம்மவர் பலர் என்னிடம் வருவதுண்டு. அவர்கள் பட்ட துன்பத்துள் பெரும்பகுதி ஒரு சொல்லைப் பிறழ உணர்ந்தமையால் விளைந்ததாகும். அதனைப் பற்றிப் பேசுதற்குத் தமிழாசிரியனுக்கும் உரிமை உண்டென்று துணிந்து வந்தேன்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் இரவில், நாடு முழுதும் 21 நாள் அடைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஊரடங்கு என்பது ஊர் உறங்கும் இராப்பொழுதைக் குறித்து நம்மவர் வழங்கிய சொல். அது நண்பகலுக்கும் வந்துற்றது. நம் ஜில்லாவில் வாரச்சந்தைகள் நின்றன. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுவோரும், மீன் வறுத்து விற்போரும், எண்ணெய் தேய்த்துவிடுவோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வாளா இருந்தனர்.

இவ்வடைப்புக்கு ஆதாரமாக நின்ற சட்டங்கள் மூன்று. பம்பாய்ப் பிளேக்கின்போது 1897இல் இயற்றிய தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று. 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்று. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஒன்று. இவற்றின்கீழ்ப் பிறக்கும் ஒவ்வோர் உத்தரவுக்கும் எண்ணும் தேதியும் உண்டு. ‘கடையைச் சாத்து’ என்று ஒருவர் வந்து சொல்லின், எந்த உத்தரவின்படி என்று பணிவாகக் கேட்டலில் குற்றமில்லை. 1939ஆம் ஆண்டுச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பெற்று, விதி மீறிய கடைகளுக்கு 5,000 ரூபாய் அபராதம் ஏற்பட்டது. அபராதம் செலுத்துவோர் இரசீது பெறாது திரும்பலாகாது.

உத்தரவை மீறினார்க்கு அந்நாளில் இந்தியத் தண்டனைச் சட்டத்து 188ஆம் பிரிவு விதித்த மிகப் பெருந் தண்டம் 6 மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமுமே. (2024 ஜூலை முதல் அதனிடத்தில் பாரதிய நியாய சம்ஹிதையின் 223ஆம் பிரிவு நிற்கிறது, தண்டம் ஓராண்டும் 5,000 ரூபாயுமாக உயர்ந்தது.) இதனை விரித்துரைக்கக் காரணம் உண்டு. தூத்துக்குடி ஜில்லா சாத்தான்குளத்தில், குறித்த நேரத்திற்கு மேல் கைப்பேசிக் கடை திறந்திருந்தது என்று சொல்லி, 2020 ஜூன் 19ஆம் நாள் ஜெயராஜ் என்பாரைக் காவல் நிலையத்திற்குக் கொண்டுபோயினர். தந்தையைத் தேடிச் சென்ற மகன் பென்னிக்ஸையும் அங்கேயே வைத்துக்கொண்டனர். 22, 23 தேதிகளில் இருவரும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது. மத்தியப் புலனாய்வுத் துறை காவலர் மீது கொலைக்குற்றம் சாட்டியது. 1,000 ரூபாய் அபராதத்திற்குரியதென்று சட்டம் சொன்ன ஒரு செயலின் பேரால் இரண்டு உயிர் போயின! கைதானவரை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்பதும், வக்கீலைக் கலந்துகொள்ள அவருக்கு உரிமையுண்டு என்பதும் அரசியல் சாசனத்து 22ஆம் உறுப்பில் எழுதப்பட்டுள்ளன. நம் வீட்டுப் பிள்ளைகள் இதனை மனப்பாடமாகச் சொல்லப் பழகுதல் வேண்டும்.

இனி, முன்னர்க் குறித்த சொல்லுக்கு வருகிறேன். 2020 மார்ச்சு 27ஆம் நாள் ரிசர்வ் பாங்கி, கடன் தவணைகளை 3 மாதம் நிறுத்திவைக்கப் பாங்கிகளுக்கு அனுமதி தந்தது; பின்னர் அது ஆகஸ்டு 31 வரை நீண்டு, ஆக 6 மாதமாயிற்று. ஆங்கிலத்தில் இதற்கு மொரட்டோரியம் என்று பெயர். தமிழில் இது ‘தள்ளிவைத்தல்’. நம் கடைவீதியிலோ இது ‘தள்ளுபடி’ என்று வழங்கலாயிற்று! சொல் ஒன்று மாறிற்று, குடும்பம் ஒன்று கடனில் அமிழ்ந்தது. சர்க்கார் காகிதங்களை மொழிபெயர்ப்போர் எளிய தமிழில் ஒரு வரி கூட்டி எழுதியிருப்பின் இத்தீங்கு வந்திராது என்பது என் துணிபு.

கணக்கைப் பாருங்கள். 1,00,000 ரூபாய் கடன். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. மாதம் 1,000 ரூபாய். ஆறு மாதம் தவணை கட்டாதிருப்பின் தனிவட்டி 6,000 ரூபாய். மாதந்தோறும் வட்டிக்கு வட்டி ஏறின் 6,152 ரூபாய். இவ்வட்டிக்கு வட்டியை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நடந்தது. 2 கோடி ரூபாய் வரையுள்ள கடன்களுக்கு அவ்வேறுபாட்டைத் தானே தருவதாக மத்திய சர்க்கார் 2020 அக்டோபரில் இசைந்தது. 2021 மார்ச்சு 23ஆம் நாள் தீர்ப்பளித்த கோர்ட்டு, எவரிடத்தும் அக்காலத்திற்கு வட்டிக்கு வட்டி வாங்கலாகாதென்றது. ஆனால் வட்டியையே தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது. ஆகவே நம் கணக்கில் தள்ளுபடியானது 152 ரூபாய். 6,000 ரூபாய் தள்ளிவைக்கப்பட்டது, அவ்வளவே. கையில் பணமிருந்தும் ‘எல்லாம் தள்ளுபடி’ என்றெண்ணித் தவணையை நிறுத்தியவரே இதில் மிகவும் நஷ்டப்பட்டனர்.

2020 மே மாதத்தில் வந்த 3 லட்சம் கோடி ரூபாய்த் திட்டமும் இனாமன்று. புதிய ஈடு கேளாமல், முன் நிலுவையில் 20 விழுக்காடு அளவு மேலும் கடன் தருவதே அது. பாங்கியில் முன்னரே கடன் உடையார்க்கே அது பயன்பட்டது. தண்டல்காரரிடம் நாள்வட்டிக்கு வாங்கியவர் வாயிலில் நின்றே திரும்பினர். தெருவில் விற்போர்க்கு மட்டும் அவ்வாண்டு ஜூனில் 10,000 ரூபாய்க் கடன் திட்டம் ஒன்று ஏற்பட்டது.

கடை வாடகைக்கும் இதே நிலைமை. 2020 மார்ச்சு 29ஆம் நாள் உத்தரவு, தொழிலாளர் குடியிருக்கும் வீடுகளுக்கு ஒரு மாத வாடகை கேட்கலாகாதென்றது. கடையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. நடக்கவியலாத ஒப்பந்தம் செல்லாது என்னும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு குத்தகைக்குப் பொருந்தாதென்று சுப்ரீம் கோர்ட்டு 1968லேயே தீர்த்துவிட்டது. எனவே ‘கடை திறக்கவில்லை, வாடகை இல்லை’ என்னும் வாதம் நில்லாது. ஒப்பந்தத்திலேயே கொள்ளைநோய்க் காலத்துக்கென ஒரு ஷரத்து எழுதியிருந்தால் மட்டும் வழியுண்டு. அஃதில்லாதார் கடைக்காரரைக் கண்டு குறைத்துக் கேட்கலாம். அவர் இசைந்தால், பாதி வாடகை என்பதை அன்றே கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். வாய்ச்சொல்லை ஓராண்டு கழித்து நினைவுகூர்வார் அரியர்.

ஆட்கள் சம்பளத்தைப் பிடித்தமின்றித் தருக என்ற உத்தரவும் அதே மார்ச்சு 29இல் பிறந்து மே 17இல் முடிந்தது. முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்க என்று ஜூன் 12இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று.

நமக்கு வரவேண்டியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொருள் உற்பத்தி செய்வோர், பழுதுபார்த்தல் போன்ற பணி செய்வோர் ஆகிய குறுந்தொழிலாளர்க்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வலிய ஆயுதம் தந்துள்ளது. வாங்கியவர் ஒப்பந்தம் இல்லையாயின் 15 நாளிலும், இருப்பினும் 45 நாளுக்கு மேற்படாமலும் பணம் தரவேண்டும். தவறின், ரிசர்வ் பாங்கி வட்டி வீதத்தின் மும்மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி ஏறும். உத்யம் என்னும் பதிவை முன்னரே செய்துகொண்டிருத்தல் நன்று, அதற்குக் கட்டணமில்லை. வாங்கி விற்கும் கடைக்காரர்கள் 2021 ஜூலையில் இப்பதிவுக்குள் சேர்க்கப்பட்டனர். ஆனால் பாங்கிக் கடனுக்காக மட்டுமே. இந்தக் கூட்டுவட்டி அவர்களுக்கு இல்லை.

சட்டம் மெய்யாகவே இரங்கிய இடமும் ஒன்றுண்டு. 15-3-2020 முதல் 28-2-2022 வரையுள்ள காலத்தை வழக்குக் கெடுவில் சேர்க்கலாகாதென்று சுப்ரீம் கோர்ட்டு ஆணையிட்டது. 2018 ஜூன் 1இல் எழுதிய புரோநோட்டு 3 ஆண்டில், 2021 ஜூனில் காலாவதியாகியிருக்கும். இவ்வாணையால் 2023 மே நடுப்பகுதிவரை உயிரோடிருந்தது. இது நமக்குக் கடன் கொடுத்தவர்க்கும் உதவிற்று என்பதை மறவற்க. ‘நோட்டு செத்துவிட்டது’ என்று இறுமாந்திருந்த சிலர்க்குச் சம்மன் வந்தது இதனாலேயாம்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று மயங்குவோர் ஜில்லா கோர்ட்டிலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு எழுதலாம். பெண்டிர்க்கும், பட்டியல் வகுப்பார் பழங்குடியினர்க்கும் வருமானம் பாராது இலவச வக்கீல் உண்டு. பேரிடரில் அகப்பட்டாரும் அச்சட்டத்தில் தகுதியுடையோரே. 15100 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் அன்பர்கள் தத்தம் கடை வாடகை ஒப்பந்தத்தையும் பாங்கிக் கடன் காகிதத்தையும் கொண்டுவருவாராயின், உடனிருந்து வரிவரியாகப் படித்துச் சொல்லச் சித்தமாயிருக்கிறேன். ஒப்பந்தமே எழுதாதவர் ஒரு வெற்றுத்தாளும் பேனாவும் கொண்டுவருக.