யாரும் உத்தரவு போடாத ஒழுங்கு

(நமது கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"ஸயன்ஸ் பற்றி ஏதாவது பேசுங்கள், ஆனால் பத்து நிமிஷம்தான்" என்று காரியதரிசி உத்தரவு. நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் முழுக்க ஃபைல்தான்.

மேலேயிருந்து சுற்றறிக்கை வராமல் கீழே எந்த ஒழுங்கும் ஏற்படாது என்பது என் சர்வீஸ் கால நம்பிக்கை. ஓய்வுக்குப் பின் படித்தவை அதை ஆட்டிவிட்டன.

இரும்பின் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்து அணு நிற்கும் திசையிலேயே தானும் நிற்கப் பார்க்கும். 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் உஷ்ணத்தின் ஆட்டம் ஜெயித்துவிடும். அதற்குக் கீழே வந்தால் அணுக்கள் அணி அணியாகத் திரும்பி நிற்கும். இதற்கு ஓர் எளிய கணக்கு மாதிரியை எர்ன்ஸ்ட் இசிங் 1925-ல் வெளியிட்டார். ரோம் நகர வானில் ஸ்டார்லிங் பறவைக் கூட்டம் ஒன்றாகத் திரும்புகிறதே, அதற்கும் தலைவன் கிடையாது. ஒவ்வொரு பறவையும் அருகிலுள்ள ஆறேழு பறவைகளைத்தான் கவனிக்கிறது. அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜார்ஜியோ பாரிசி. சிக்கலான அமைப்புகள் பற்றிய ஆராய்ச்சிக்காக 2021-ல் பௌதிக நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. இதெல்லாம் நம் சாஸ்திரங்களில் அன்றே இருக்கிறது என்று யாராவது சொல்வீர்கள். அந்த வாதத்துக்கு நான் வரவில்லை.

மனிதர்களுக்கு இது பொருந்துமா? அமெரிக்கப் பொருளாதார நிபுணர் தாமஸ் ஷெல்லிங் 1971-ல் எழுதிய கட்டுரையில் இருக்கும் விளையாட்டை நானே செஸ் பலகையில் ஆடிப் பார்த்தேன். 22 ஒரு ரூபாய்க் காசு, 22 இரண்டு ரூபாய்க் காசு. கலந்து வைத்தேன். மீதி 20 கட்டம் காலி. அண்டை வீட்டாரில் மூன்றில் ஒரு பங்காவது தன் இனமாக இருந்தால் காசுக்குத் திருப்தி. இல்லாவிட்டால் காலிக் கட்டத்துக்குக் குடிபோகும். மற்றவர் மேல் துவேஷம் இல்லை, சின்ன ஆசைதான். ஆனால் ஆட்டம் முடிந்தபோது ஒரு ரூபாய்கள் ஓரிடம், இரண்டு ரூபாய்கள் ஓரிடம் என்று திட்டுத் திட்டாகப் பிரிந்து கிடந்தன.

டெல்லியில் நாங்கள் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தபோது வீடு வரிசைப்படி ஒதுக்கப்பட்டது. மேலே பஞ்சாபி, எதிரே வங்காளி. என் பெண் அவர்கள் வீட்டில்தான் ரொட்டி தின்று ஹிந்தி கற்றாள். ஓய்வு நெருங்கியதும் அவரவர் ஃப்ளாட் தேடினோம். "பக்கத்தில் நாலு பேர் நம்மவர்கள் இருந்தால் போதும்" என்றுதான் நானும் சொன்னேன். இன்று எங்கள் மாடிப்படியில் ஹிந்தியே கேட்பதில்லை. பேரனுக்கு விளையாட வெளியாள் யாருமில்லை.

இதை வைத்து எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்லித் தப்பிக்க முடியாது. அமெரிக்க நகரங்களில் கறுப்பர்களைப் பிரித்து வைத்ததில் வங்கிகளுக்கும் சட்டங்களுக்கும் பங்கு உண்டு. நம் அக்ரஹாரமும் சின்ன ஆசையால் உண்டானதல்ல. யார் நுழையலாம், யார் கூடாது என்று அங்கே கட்டுப்பாடே இருந்தது. "சைவம் மட்டும்" என்று வாடகைக்குப் போர்டு மாட்டுவதையும் நான் சின்ன ஆசைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

பிறகு விதியைத் தளர்த்திப் பார்த்தேன். மூன்றில் ஒன்று வேண்டாம், ஐந்தில் ஒன்று போதும் என்று. எல்லோரும் ஏற்கெனவே திருப்தியாக இருந்ததால் ஒரு காசும் நகரவில்லை. பலகை இன்னும் அப்படியே மேஜைமேல் இருக்கிறது. காப்பிக்கு வந்தால் நீங்களும் ஆடிப் பார்க்கலாம்.