அக்குபங்சருக்குப் போகும் முன் நாம் கேட்க வேண்டியவை

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள், டாக்டர் இல்லை. எங்க குழுவில் பதினாலு பேரில் ஐந்து பேர் அக்குபங்சருக்குப் போறாங்க. அதனால இதைப் பத்திப் பேசச் சொல்லித் தலைவி அக்கா சொன்னாங்க.

முதலில் நல்லதைச் சொல்லிடுறேன். எங்க மாமியாருக்கு முழங்கால் வலி. களை எடுக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. டவுனில் முறையாகப் படித்த ஒருவரிடம் ஆறு வாரம் ஊசி போட்டுக்கிட்டாங்க. வலி முழுசாப் போகலை, குறைஞ்சிருக்கு. ரேஷன் கடைக்கு நடந்தே போய் வர்றாங்க, அதுவே பெரிசு. அந்த ஊசி ரொம்ப மெல்லிசு, உள்ளே மருந்து எதுவும் கிடையாது. குத்தின இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் வரும், ரத்தம் கட்டி நீலமாத் தெரியும், லேசா வலிக்கும், உடம்பு அசதியா இருக்கும். இதெல்லாம் சில நாளில் போயிடும். சிலருக்குத் தலை சுத்தி மயக்கம் வரும். அதனால வெறும் வயித்தோட போகாதீங்க, படுத்துக்கிட்டே போட்டுக்குங்க.

பயப்பட வேண்டியது வேற. ஒருத்தருக்குக் குத்தின ஊசியை அடுத்தவருக்குக் குத்தினால் ஹெபடைடிஸ் பி, சி என்கிற மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவும். ஸ்பிரிட்டில் துடைச்சுட்டேன் என்று சொன்னால் ஏத்துக்காதீங்க. நம்ம கண்ணு முன்னாடி புது ஊசியின் உறையைப் பிரிக்கணும். ஜாக்கெட் துணி வாங்கும்போது பத்து தடவை விரிச்சுப் பார்க்கிறோம், இதைக் கேட்க மட்டும் வெட்கப்படுறோம்.

நெஞ்சு, தோள்பட்டை, மேல் முதுகில் ஆழமாக் குத்தினால் ஊசி நுரையீரலில் பட்டுக் காற்று கசியலாம். அபூர்வம்தான். ஆனால் ஊசி போட்ட பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ, வாயுன்னு இஞ்சிச் சாறு குடிச்சுட்டுப் படுக்காம 108-ஐக் கூப்பிடுங்க. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லணும். பேஸ்மேக்கர் வெச்சவங்க கரண்ட் கொடுக்கிற ஊசி வேண்டாம்னு சொல்லிடணும்.

இப்போ ஊசியே இல்லாமல் விரலால் தொட்டு வைத்தியம் பார்க்கிறவங்களும் நிறைய. தொடுறதால ஒண்ணும் ஆகாது. அவங்கள்ல சிலர் மாத்திரையை நிறுத்தச் சொல்றாங்க பாருங்க, ஆபத்து அங்கதான். எங்க தெருவில் ஒரு பெரியம்மா அப்படித்தான் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினாங்க. காலில் புண் வந்தது. "கழிவு வெளியேறுது, நல்லதுக்குத்தான்" என்றார்களாம். மூணு வாரம் பொறுத்தாங்க. கடைசியில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. ஆடு வாங்கக் குழுவில் எடுத்த கடன் ஆஸ்பத்திரிச் செலவுக்கே போச்சு, தவணையை நாங்க பேசித் தள்ளி வெச்சோம். இத்தனைக்கும் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருது.

2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் பக்கம் நேமத்தில் அக்குபங்சரை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்துத் தாயும் குழந்தையும் இறந்த செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்தது. அதைப் படிச்சுட்டு எங்க குழுக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

மத்திய அரசு 2019-ல் அக்குபங்சரைத் தனி சிகிச்சை முறையாக அங்கீகரித்தது உண்மை. அதுக்காகச் சுவரில் சான்றிதழ் மாட்டின எல்லாரும் டாக்டர் ஆகிட மாட்டாங்க. என்ன படிச்சீங்க, எங்க படிச்சீங்க, எத்தனை வருஷம்னு கேளுங்க.

நம்ம கூட்டமைப்பு ஹாலில் இலவச முகாம் நடத்த இடம் கேட்டு வந்திருக்காங்க. வேண்டாம்னு நான் சொல்லலை. ஆளுக்கொரு புது ஊசி, படிப்புச் சான்றின் நகல், யார் மாத்திரையையும் நிறுத்தச் சொல்ல மாட்டோம்னு எழுத்துல ஒரு உறுதி, இந்த மூணையும் வாங்கித் தீர்மான நோட்டில் ஏத்தின பிறகு சாவியைக் கொடுக்கலாம்னு எங்க குழு சார்பில் கேட்டுக்கிறேன்.